சொன்னேன்ல, வந்துட்டான்

மழையை நான் பெய்ய வைப்பதில்லை. இதை இந்த ஊரில் ஒருவருக்கும் என்னால் புரிய வைக்க முடியவில்லை. காய்கறிக் கடையில் பக்கத்தில் நிற்கும் அம்மா, "நேத்து வெயிலுன்னீங்க, மாடியில போட்ட துணியெல்லாம் சொட்டச் சொட்ட நனைஞ்சு போச்சு" என்று, நானே மேலே ஏறிக் குடத்தைக் கவிழ்த்ததுபோலக் கேட்பார். வரும் என்று சொல்லி வராமல் போனால் இன்னும் மோசம். ஒரு மாதம் முழுக்க நான் சொன்ன மழை ஒவ்வொன்றும் எங்களைத் தாண்டிப் போய் வேறெங்கோ கொட்டியது. ஊர் எனக்கு "வராத மழை" என்று பெயர் வைத்துவிட்டது. என் மகள் படிக்கும் பள்ளியின் வாட்ச்மேன்கூட, "வராத மழை மேடம், வண்டிய கொஞ்சம் ஓரமா விடுங்க" என்றார். மரியாதையில் குறைச்சல் இல்லை.

நான் ஒரு செய்திச் சேனலில் வானிலை சொல்பவள். சாயங்காலச் செய்தியின் கடைசியில், விளையாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் வருவேன். எனக்குப் பின்னால் நீங்கள் பார்க்கும் வரைபடம் அங்கே இல்லவே இல்லை. இருப்பது வெறும் பச்சைச் சுவர். பக்கத்தில் ஒரு சின்ன டிவியில் என்னையே பார்த்துக்கொண்டு, வெறும் சுவரில் கை காட்டி, இங்கே மேகம், இங்கே காற்று என்று சொல்ல வேண்டும். பச்சை உடுத்திக்கொண்டு போனால் உடம்பும் வரைபடத்தோடு கரைந்து தலை மட்டும் மிதக்கும். வானிலையை நான் பாடமாகப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள் என்பது சேனலில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் என்னிடம் கேட்பது, இன்றைக்கு என்ன கலர் டிரஸ் என்பதைத்தான். இருந்தாலும் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கும் கொஞ்ச நேரம் எனக்கு உயிர். நான் சொன்னதைக் கேட்டு யாரோ குடை எடுத்துக்கொண்டு போகிறார்கள், யாரோ கொடியில் காயும் துணியை எடுக்கிறார்கள். அது போய்விட்டால் எனக்கு வேறு ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதில்தான் எல்லாம் கெட்டது. சாயங்காலம் ஸ்டூடியோவில் விவாதம் நடக்கும். அதனால் என் பகுதியை மத்தியானமே பதிவு செய்துவிடுவார்கள். பதிவு முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவேன். அது ஒளிபரப்பாவதை நான் பார்ப்பதில்லை. என் குரலை நானே கேட்டால் எனக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான் காரணம்.

அன்றைக்கு மேகப் படத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இது தாண்டிப் போகிற மழை இல்லை, இங்கேயே உட்கார்ந்து கொட்டப் போகிற மழை. பதிவில் நிதானமாகச் சொன்னேன். விடிய விடியப் பெய்யும், ஆறு நிறையும் என்றேன். கடைசியாக, "பாலத்துக்குக் கீழே உள்ள தெருக்களில் இருப்பவர்கள் இருட்டுவதற்குள் பொருட்களை மேலே ஏற்றிவிடுங்கள்" என்று கேமராவைப் பார்த்துச் சொன்னேன். அந்தத் தெருக்கள் எப்போதும் முதலில் மூழ்கும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

சாயங்காலம் டீயோடு பால்கனியில் நின்றிருந்தேன். முதல் துளி கம்பியில் விழுந்தது. அப்புறம் படபடவென்று பிடித்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு மாதமாக மூக்குடைபட்டுக்கொண்டே இருந்தவள் நான். கையை வெளியே நீட்டி, அதில் மழை விழ, இன்னொரு கையில் இருந்த டீக் கோப்பையும் தெரிய, மகளை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். "சொன்னேன்ல, வந்துட்டான்" என்று எழுதி இணையத்தில் என் பக்கத்தில் போட்டேன். அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும் மட்டும்தான் இருந்தார்கள். வெளியாள் பார்க்க முடியாதபடி பூட்டித்தான் வைத்திருந்தேன்.

பூட்டு போட்டு என்ன, சாவி எங்கள் அண்ணனிடம் அல்லவா இருந்தது.

அண்ணன் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண்ணைப் பரிசோதிக்க வருகிறவர்களைக் கடை டிவிக்கு எதிரே உட்கார வைத்து, "அதோ வருது பாருங்க, என் தங்கச்சி. தெரியுதா, மங்கலா இருக்கா?" என்று கேட்பவர். எனக்கு வயது நாற்பதைத் தாண்டியும் அவருக்கு இன்னும் நான் "பாப்பா"தான். அவர் என் படத்தை எடுத்து, ஊரே பார்க்கும் பொதுப் பக்கத்தில் போட்டு, மேலே எழுதியிருந்தார்: "என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான். வராத மழைன்னு சொன்னவங்க எல்லாம் இப்ப வாங்க பார்ப்போம்."

வந்தார்கள். காலையில் நான் எழுந்தபோது ஊரே வந்திருந்தது.

ராத்திரியோடு ராத்திரியாகப் பாலத்துக்குக் கீழே எல்லாத் தெருக்களிலும் தண்ணீர் புகுந்திருந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு படங்களை ஒட்டிப் போட்டிருந்தார். இடது பக்கம் என் சிரிப்பு, என் கை, மழை, டீக் கோப்பை. வலது பக்கம், இடுப்பளவு தண்ணீரில், தையல் மெஷினின் மேல்பாகத்தைக் குழந்தையைப் போல இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு அம்மா. கீழே ஒரே ஒரு வரி: "மேடம் டீ குடிக்கிறாங்க." அதற்குக் கீழே வந்திருந்த வசவுகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் மகள் அதைப் படித்துவிட்டாள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். என் குரலில் வந்த சூட்டில் அவருக்குக் காது வெந்திருக்க வேண்டும்.

"ஏண்ணா, உன்ன யாரு அத எடுத்து அங்க போடச் சொன்னது?"

"எடுத்துட்டேன் பாப்பா, விடிஞ்சதுமே எடுத்துட்டேன்."

"நீ எடுத்தா? ஊர்ல ஒவ்வொருத்தன் போன்லயும் இருக்குதே, அத யாரு எடுப்பா?"

"நல்லதுக்குத்தான் போட்டேன். உன்னக் கிண்டல் பண்றானுங்களேன்னு..."

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. "அந்தப் போன என்கிட்ட குடுங்க மொதல்ல. பீரோவுல வச்சுப் பூட்டுறேன்." அண்ணி அன்றைக்கே அதைச் செய்திருந்தால் இந்தக் கதை இல்லை.

ஆனால் எனக்குள் ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் சொன்னேனே. மேலே ஏற்றுங்கள் என்று சொன்னேனே. அப்புறம் ஏன் அந்த அம்மா மெஷினோடு தண்ணீரில் நிற்கிறார்? முதல் தடவையாக என் பகுதியை நானே போட்டுப் பார்த்தேன். ஆறு நிறையும் என்கிறேன். அத்தோடு விளம்பரம் வருகிறது. நல்ல பளிச்சென்ற பற்பசை விளம்பரம்.

எங்கள் செய்தித் தயாரிப்பாளரை நாங்கள் "கத்தரி" என்போம். அவர் கையில் எதைக் கொடுத்தாலும் ஓரத்தில் கொஞ்சம் வெட்டாமல் விடமாட்டார். சேனலுக்குப் போனதும் நேராக அவரிடம்தான் போனேன். ஆனால் அவர் அறையில் இல்லை. மேலாளர் மேடத்தின் அறையில், தலையைக் குனிந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

"இதெல்லாம் எதுக்குப் போடுறீங்க நீங்க?" என்றார் மேடம். என் படம் அவர் மேஜையில் பெரிதாக அச்சாகி இருந்தது.

"அது என் சொந்தப் பக்கம் மேடம். வீட்டு ஆளுங்க மட்டும்தான் பாப்பாங்க."

"சொந்தப் பக்கம் இருக்கலாம்மா. உங்களுக்குச் சொந்த முகம் இல்லையே. தினமும் சாயங்காலம் அத நாங்கதான காட்டுறோம்."

நான் கத்தரியின் பக்கம் திரும்பினேன். "சார், என் கடைசி வரி எங்க?"

"விளையாட்டுப் பேட்டி நீண்டுபோச்சு. எங்கயாவது வெட்டணும் இல்ல?"

"அதுக்கு, இருக்கறதுலயே முக்கியமான வரியா பாத்து வெட்டுவீங்களா?"

"கடைசியில இருந்ததால வெட்டினேன். வேற ஒண்ணுமில்ல." அவர் முகத்தில் ஈயாடவில்லை. கெட்டவர் இல்லை. வெட்டி வெட்டிப் பழகிவிட்டது.

"அப்ப அத சொல்லிடலாமே மேடம். நான் எச்சரிச்சேன், நேரம் பத்தாம விட்டுப்போச்சுன்னு."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சிரிச்சா ஒரு ஆளு சிரிச்சதா போயிடும். எச்சரிக்கையவே வெட்டிட்டாங்கன்னா, சேனலே போயிடும். புரியுதா?"

நன்றாகவே புரிந்தது. மன்னிப்புக் கேட்கும் வாசகத்தை அவர்களே தயார் செய்திருந்தார்கள். யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று இருந்தது.

"யாருடைய மனமாவதுன்னா என்ன மேடம் அர்த்தம்? வீட்டுக்குள்ள தண்ணியோட நிக்கிறாங்க. மனசா புண்பட்டுச்சு?"

"படிச்சுட்டுப் போங்கம்மா. ஒரு வாரத்துல மறந்துடுவாங்க. இல்லன்னா அந்த இடத்துல வேற ஆள நிறுத்த வேண்டியிருக்கும்."

பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைச் சுவருக்கு முன்னால் நின்றேன். இந்தத் தடவை வரைபடம் இல்லை, எனக்குப் பின்னால் சாம்பல் நிறம் போட்டார்கள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். "கொஞ்சம் வருத்தமா பாருங்க" என்றார் கத்தரி. "கோவமா இருக்கற மாதிரி தெரியுது." இதுதான் சார் என் வருத்தமான முகம் என்றேன். கேமரா பிடிப்பவர் சிரித்துவிட்டார். அதையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

மேடம் சொன்னது பலித்திருக்கும். திட்டுகிறவர்களுக்கு அதற்குள் வேறு யாரோ கிடைத்திருந்தார்கள். நான்தான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மனம் பொறுக்காமல் அண்ணனிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். வரியை வெட்டியது, விளம்பரம், சாம்பல் நிறம் எல்லாம். யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லித்தான் சொன்னேன். மூச்சு விடமாட்டேன் என்றார். விடவில்லைதான். எழுதினார்.

"உண்மை என்ன?" என்று தலைப்பு. என் தங்கை எச்சரித்தாள், சேனல் வெட்டியது, பற்பசை விற்பதற்காக ஜனங்களை மூழ்கடித்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். யார் கேள்வி கேட்டாலும் விடாமல் பதில் வேறு. "நீ யாருடா கேக்க" என்று ஒருவரிடம், "கடைக்கு நேர்ல வாங்க பேசிக்கலாம்" என்று இன்னொருவரிடம். அவர் எண்ணெய் ஊற்ற ஊற்ற நன்றாகப் பற்றிக்கொண்டது. எல்லாரும் மறக்க இருந்த டீக் கோப்பை மறுபடி வந்தது. இப்போது எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: இவளே அண்ணனை விட்டு எழுத வைத்திருக்கிறாள், பழியைச் சேனல் தலையில் கட்டுகிறாள்.

மேடமும் அதையேதான் நம்பினார். "நீங்க சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?" என்றார். சொன்னது நான்தானே, எப்படி மறுப்பேன்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. திரையை விட்டு எடுத்தார்கள். புதிதாக ஒரு பெண்ணை நிறுத்தி, அவள் பேச வேண்டியதை நான் எழுதித் தர வேண்டும் என்றார்கள். என் பக்கத்தில் வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினாலும் அன்றோடு வேலை போகும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். வெயில் அடிக்கிறது என்றுகூட நான் எழுதக் கூடாது.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். கையில் ஏதோ பழப் பை. கதவைத் திறந்த கையோடு கேட்டேன்.

"திருப்தியாண்ணா இப்ப?"

"உனக்காகத்தான் பாப்பா..."

"எனக்காக யாரும் ஒண்ணும் பண்ண வேணாம். நீ என்னப் பத்தி ஊருக்குச் சொன்னதெல்லாம் போதும். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, போடட்டுமான்னு என்ன ஒரு வார்த்த கேட்டிருப்பியா நீ?"

அவர் பழப் பையைச் செருப்பு வைக்கும் பலகைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. அவர் கடையில் இப்போது டிவியை அணைத்தே வைத்திருக்கிறார் என்று அண்ணி சொன்னார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இதற்கு நடுவில் வேறொரு சேனலில் அந்தத் தையல்கார அம்மாவைப் பேட்டி எடுத்தார்கள். என்னை நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்து மைக்கை நீட்டியிருப்பார்கள். அவர் திட்டவில்லை. "அந்தப் பொண்ண நான் தினமும் பாப்பேன். மழை வரும்னு சொல்லுச்சு, ஆறு ரொம்பும்னு சொல்லுச்சு. எங்க தெருவ சொல்லலையே. சொல்லியிருந்தா மெஷின மாடியில ஏத்தியிருப்பேன். அது சொன்னா நான் கேப்பேன்" என்றார். ஊரே சேர்ந்து திட்டியபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. அவர் நான் சொன்னால் கேட்பார். நானும் சொன்னேன். நடுவில் ஒரு பற்பசை.

புதுப் பெண் நல்ல பெண். பொறுமையாகக் கற்றுக்கொண்டாள். சுவரில் எங்கே கை வைத்தால் ஆறு, எங்கே வைத்தால் மலை என்று சொல்லிக்கொடுத்தேன். முதல் நாள் பச்சைத் துப்பட்டா போட்டு வந்து, கழுத்தில் மேகம் ஓட நின்றாள். இப்போதெல்லாம் நான் சீக்கிரம் வீட்டுக்குப் போவதில்லை. எல்லாம் வெட்டி முடித்து இறுதியாக வருவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். பட்ட பிறகு வந்த புத்தி.

நேற்று மறுபடி அந்த மாதிரி மேகம் வந்தது. படத்தைப் பார்த்ததும் தாளை எடுத்தேன். புதுப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை பாலத்துக்குக் கீழே உள்ள தெருக்களை முதல் வரியிலேயே வைத்தேன். கடைசியில் வைத்தால்தானே வெட்டுவார்கள்.

பதிவுக்கு நின்றவள் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, அந்தத் தெருவுங்க வரிய காணோமே."

கத்தரியிடம் ஓடினேன். "சார், போன தடவ பட்டது போதாதா? இப்ப நேரமும் இருக்கே."

"நேரம் இல்லன்னு நான் சொல்லலையே." அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அந்தத் தெருப் பேர எடுத்தா பழசெல்லாம் ஞாபகம் வரும்னு மேடம் சொல்றாங்க. மறுபடி உங்க டீ கப்பு, உங்க அண்ணன் எழுதினது, எல்லாம் கிளம்பும். பொதுவா 'தாழ்வான பகுதிகள்'னு போட்டிருக்கேன். போதும்."

"தாழ்வான பகுதின்னு யாரும் தன் வீட்டுக் கதவுல எழுதி வச்சுக்கறதில்ல சார். பேர் சொன்னாதான் எந்திரிச்சு மெஷின தூக்குவாங்க."

"எனக்குத் தெரியாதா? போங்கம்மா, எனக்கும் வீடு இருக்கு, பிள்ளைங்க இருக்கு."

மேடத்திடம் போனேன். கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். கதவுக்கு வெளியே காத்திருந்தேன். கூட்டம் முடிகிற வழியாக இல்லை. செய்தியில் அந்தப் பெண், அழகாகச் சிரித்து, தாழ்வான பகுதிகளில் வசிப்போர் கவனமாக இருக்கவும் என்றாள். அவள் என்ன செய்வாள், தாளில் இருந்ததைப் படித்தாள்.

வீட்டுக்கு வந்தேன். இன்னும் ஒரு துளி விழவில்லை, ஆனால் காற்றில் மண் வாசனை வந்துவிட்டது. மகள் ஹாலில் படித்துக்கொண்டிருந்தாள். பால்கனியில் நின்று என் பக்கத்தைத் திறந்தேன். பூட்டை எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று மாற்றினேன். படம் இல்லை, டீ இல்லை. "பாலத்துக்குக் கீழ் உள்ள எல்லாத் தெருக்களுக்கும்: இன்று இரவு தண்ணீர் வரும். இருட்டுவதற்குள் பொருட்களை மாடிக்கு ஏற்றுங்கள். தையல் மெஷின் உட்பட" என்று எழுதி, கீழே "வராத மழை" என்று கையெழுத்தும் போட்டேன். இதோடு வேலை போகும் என்று தெரிந்துதான் போட்டேன். எனக்கு இருந்த ஒரே ஒரு வேலை, சொல்வது. அதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு என்ன செய்வது.

போட்டுவிட்டுப் பார்த்தால், பார்க்க ஆள் இல்லை. என் பக்கத்தில் இருப்பதே சொந்தபந்தம்தானே. சித்தப்பா ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார். அவர் வீடு மலைமேல் இருக்கிறது. எரிச்சலில் போனை விட்டெறியலாம் போல இருந்தது.

அப்போது போன் அடித்தது. அண்ணன்.

எடுத்தேன். பின்னால் கடைத்தெரு சத்தம் கேட்டது.

"பாப்பா."

"ம்."

"நீ போட்டத பாத்தேன். நான் ஒண்ணும் பண்ணல. சத்தியமா பண்ணல. கையக் கட்டிட்டு உக்காந்திருக்கேன். உங்க அண்ணி வேணா கேளு." தொண்டையைச் செருமினார். "போடட்டுமா?"

ஊர்ப் பொதுப் பக்கத்தில் இந்த ஊரே இருக்கிறது. இத்தனை காலம் கேட்காமல் போட்டவர், போட்டால் என் வேலை நிச்சயம் போய்விடும் என்கிற இந்த நேரத்தில் கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"போடுண்ணா. உனக்கு யாரு யாரத் தெரியுமோ எல்லாருக்கும் அனுப்பு. கண்ணாடி வாங்கிட்டுப் போனவங்க நம்பரெல்லாம் வச்சிருப்பியே, அவங்களுக்கும் அனுப்பு."

"வேலை?"

"மொதல்ல போடுண்ணா. இருட்டப் போகுது."

அண்ணன் போட்ட கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அடித்தது. திரையில் கத்தரி என்று வந்தது. அடிக்கட்டும் என்று உள்ளே வைத்துவிட்டுக் கொடியில் கிடந்த துணிகளை எடுக்கப் போனேன்.